வெள்ளவத்தைக் கடை வாசல் ஆருக்கு?

சனிக்கிழமை பின்னேரம், காலி வீதி. ஒரு கடை வாசலுக்கு முன்னால, றோட்டிலயே, சீமெந்து நிரப்பின பெயின்ற் வாளி ஒண்டு. நடுவில பைப் துண்டு நட்டு, அதில சிவப்புத் துணி கட்டியிருக்கு. ஒரு கார் வந்து மெல்ல ஒதுங்கப் பாக்குது. கடைப் பொடியன் ஓடி வந்து கையைக் காட்டுறான்.

"இது முதலாளிக்கு. முன்னால போங்கோ."

கார் முன்னால போச்சு. முன்னாலயும் இடமில்லை. அப்பிடியே தெஹிவளைப் பக்கம் போயே போச்சு.

அந்தக் காருக்குள்ள இருந்தவை அந்தக் கடைக்கே வந்த ஆக்களாயிருந்தா?

எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கேல்லை. அதான் எழுதுறன். நீளமா வரும், தேத்தண்ணியோட இருங்கோ.

அந்த முதலாளியில எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிசன். கடைக்குள்ள போனா முதல் வார்த்தையே இதுதான்: "பார்க்கிங் இல்லைத் தங்கச்சி, அதான் யாவாரம் படுத்திட்டுது. சனமெல்லாம் மோலுக்குப் போகுது." இதே வசனத்தை வெள்ளவத்தையில புடவைக்கடையில கேட்டிருக்கிறன், நகைக்கடையில கேட்டிருக்கிறன், கொட்டாஞ்சேனையில பாத்திரக்கடையிலயும் கேட்டிருக்கிறன். இடம் காணாது எண்டு எல்லாரும் சொல்லினம். இருக்கிற இடத்தில நாள் முழுக்க ஆரின்ர கார் நிக்குது எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்லை.

வாங்கோ, ஒரு சின்னக் கணக்குப் பாப்பம்.

காலி வீதியில ஒரு பழைய கடையின்ர முகப்பு 15 அடி இருக்கும், மிஞ்சினா 20. ஒரு கார் ஒதுங்கி நிக்கக் கிட்டத்தட்ட அதே நீளம் வேணும். அப்ப ஒரு கடைக்கு முன்னால ஒரு கார். அவ்வளவுதான். தலைகீழா நிண்டாலும் ரெண்டாவது கார் வராது.

கடை காலமை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டுது எண்டு வையுங்கோ. 11 மணித்தியாலம். முதலாளியின்ர கார் நாள் முழுக்க அதில நிண்டா, அந்த இடத்தால வாற வாடிக்கையாளர் ஒருத்தரும் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு கார் மாறினா 22 குடும்பம் வந்து போகும்.

அதே றோட்டு, அதே அடி. ஒரு சதம் செலவில்லை.

(பக்கத்துக் கடைக்காரர் தன்ர காரை உங்கட வாசல்ல விட்டா எவ்வளவு கோபம் வரும்? உங்கட கார் உங்கட வாசல்ல நிண்டாலும் நட்டம் அதே நட்டம்தான்.)

சரி, 22 குடும்பம் எண்டே வைப்பம். தீபாவளிக்கு முதல் கிழமை அந்தக் கடைக்குள்ள மூச்சு விட இடமிருக்காது. நூற்றுக்கணக்கில சனம். மிச்சப்பேர் எப்பிடி வந்தவை?

100, 101 பஸ்ஸில வந்தவை. கொட்டாஞ்சேனையில இருந்து 102 பிடிச்சு வந்தவை. மட்டக்குளிப் பக்கத்தால 155இல வந்தவை. கரையோர ரயில்ல வெள்ளவத்தை ஸ்டேசனில இறங்கி ஸ்டேசன் றோட்டால ஏறி வந்தவை. ஓட்டோவில வந்தவை. எல்லாரையும் விடக் கூட, நடந்து வந்தவை!

வெள்ளவத்தையின்ர பெரிய சொத்தே இந்த நடந்து வாற சனம்தான். காலி வீதியில இருந்து பிரியிற ஒழுங்கை ஒவ்வொண்டையும் பாருங்கோ. ராமகிருஷ்ணா றோட், ஹம்டன் லேன், பெனிக்குயிக் றோட், பிரான்சிஸ் றோட், எங்க பாத்தாலும் மாடி மாடியா ஃபிளாட். ஒரு காலத்தில ஒரு வீடு நிண்ட வளவில இப்ப இருபது முப்பது குடும்பம். அதுக்கு மேல ஜூலை, ஆகஸ்டில கனடா, லண்டன், சுவிஸ் எண்டு வாற சொந்தக்காரர். அவை கையில காசோட, கலியாணச் சாமான் லிஸ்டோட, காலி வீதிக்கு அஞ்சு நிமிச நடை தூரத்தில நிக்கினம். இப்பிடி ஒரு சந்தை உலகத்தில எத்தினை கடைத்தெருவுக்குக் கிடைக்கும்?

கடைக்காரருக்கு ஏன் இது தெரியுதில்லை? எங்கட ஆக்களில மட்டும் பிழை சொல்ல ஏலாது. இங்கிலாந்தில பிரிஸ்டல் நகரத்தில குளோஸ்டர் றோட் எண்டு ஒரு நீளமான கடைத்தெரு இருக்கு. 2006இல சஸ்ட்ரான்ஸ் எண்ட அமைப்பு அங்க ஒரு ஆய்வு செய்தது. உங்கட வாடிக்கையாளரில எத்தினை வீதம் காரில வரினம் எண்டு கடைக்காரரிட்டக் கேட்டவை. 41 வீதம் எண்டு பதில். பிறகு வாடிக்கையாளரிட்டயே நேரில கேட்டுப் பாத்தா, 22 வீதம்தான். கிட்டத்தட்ட அரைவாசி! காரில வந்தவர் பார்க்கிங்கைப் பற்றி முறைப்பாடு சொல்லிப்போட்டுத்தான் சாமான் பாப்பார். நடந்து வந்தவர் ஒண்டும் சொல்லாம வாங்கிக்கொண்டு போயிடுவார். சத்தம் போட்டவரின்ர முகம்தான் கடைக்காரருக்கு ஞாபகத்தில நிக்கும்.

அந்தச் சத்தம் போடாத சனத்துக்கு நாங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறம்?

வெள்ளவத்தைச் சந்தையால வாற ஒரு அம்மாவைக் கண்டன். ஒரு கையில பை, முருங்கைக்காய் வெளியால நீட்டிக்கொண்டு நிக்குது. மற்றக் கையில பேரப்பிள்ளை. நடைபாதையில மோட்டச் சைக்கிள் வரிசையா நிக்குது. அதைத் தாண்டினா ஒரு கடையின்ர உடுப்புப் போட்ட பொம்மை. அதையும் தாண்டினா காண் மூடியில ஒரு கொங்கிரீட் பலகை, காலை வைச்சா ஒரு பக்கம் கிளம்புது. அம்மா பேரனை இழுத்துக்கொண்டு றோட்டில இறங்கினா. பின்னால 100 பஸ் ஹோர்ன் அடிக்குது. திரும்ப ஏறினா. திரும்ப இறங்கினா. நாலைஞ்சு கடைக்கு அங்கால பேரனுக்குச் சப்பாத்து எடுக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவா. ரெண்டாவது கடையடியிலயே ஓட்டோவை மறிச்சு வீட்டை போயிட்டா.

சப்பாத்துக் கடைக்காரருக்கு இந்தக் கதை தெரியாது. அவரும் இரவு கல்லாவை எண்ணிப்போட்டுப் "பார்க்கிங் இல்லை" எண்டுதான் சொல்லியிருப்பார்.

இப்ப மோல் கதைக்கு வாறன்.

2019 நவம்பரில வன் கோல் ஃபேஸ் மோல் திறந்தது. பிறகு எங்கட பழைய வெள்ளவத்தை நூல், நெசவு ஆலை இருந்த காணியில ஹவ்லொக் சிற்றி மோலும் வந்திட்டுது. உண்மைதான், அங்க நிலத்துக்குக் கீழ பார்க்கிங் இருக்கு, சனம் அதுக்காகவும் போகுது. ஆனா காரை விட்டிட்டு அந்தச் சனம் என்ன செய்யுது? நடக்குது! லிஃப்ற்றால ஏறி, ஒரு மூலையில இருந்து மற்ற மூலைக்கு, மாடி மாடியா. காலி வீதியில நாலு கடை தள்ளி நடக்கமாட்டன் எண்ட அதே மனிசர் அங்க ஒண்டரை மணித்தியாலம் கால் நோக நடக்கினம். ஏன்? தரை மட்டமா இருக்கு, நிழல் இருக்கு, பிள்ளையின்ர கையை விட்டாலும் பயமில்லை, கால் நொந்தா இருக்க ஒரு வாங்கு இருக்கு. மோல்காரன் காருக்கு ஒரு இடம் ஒதுக்கினான், அதுக்குப் பிறகு முழுக்க முழுக்க நடக்கிற ஆளுக்குத்தான் கட்டினான். நாங்கள் அதில முதல் பாதியை மட்டும் பாத்துப் பொறாமைப்படுறம்.

சரி, காரில வாற ஆக்களை விட்டிடுவமோ எண்டு கேப்பியள். இல்லவே இல்லை. செட்டியார் தெருவுக்குத் தாலிக்கொடி எடுக்க வாற குடும்பம் நகைப் பெட்டியோட 102இல தொங்கிக்கொண்டு போகேலுமோ? முழங்கால் ஏலாத அம்மம்மாவைக் கூறைச்சீலை பாக்கக் கூட்டிக்கொண்டு வாறவை எங்க இறக்கிறது? அவைக்கு இடம் வேணும், கட்டாயம் வேணும். அதுக்காகத்தான் சொல்லுறன், நாள் முழுக்க நிக்கிற கார் அந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது.

இந்த விசயத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ஞ்ச ஒரு மனிசன் இருந்தவர். டொனால்ட் ஷூப், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர், 2025 பெப்ரவரியிலதான் காலமானவர். 2005இல இலவசப் பார்க்கிங்கின்ர உண்மையான விலை என்ன எண்டு 700 பக்கத்துக்கு மேல ஒரு புத்தகமே எழுதினவர். அவரின்ர பேச்சின்ர சாரம் இதுதான்: ஒவ்வொரு தெருத்துண்டிலயும் எப்பவும் ஒண்டு ரெண்டு இடம் காலியா இருக்கிறமாதிரிக் கட்டணத்தை வையுங்கோ. எல்லா இடமும் நிரம்பி வழிஞ்சா கட்டணம் காணாது, அரைவாசி காலியா இருந்தா கட்டணம் கூட. நேரத்துக்கு நேரம் மாறலாம். செவ்வாய் காலமைக்கும் சனி பின்னேரத்துக்கும் ஒரே விலை இருக்கத் தேவையில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸில வெஸ்ட்வூட் எண்ட கடைத்தெருப் பகுதியில அவர் அளந்து பாத்தார். இடம் தேடிச் சுத்துற ஒரு காருக்குச் சராசரி 3.3 நிமிசம். பெரிசா ஒண்டுமில்லை எண்டு தோணும். ஆனா அந்தப் 15 தெருத்துண்டில மட்டும் இப்பிடிச் சுத்துறது வருசத்துக்கு 950,000 மைல்! காலி வீதியில சனிக்கிழமை நீங்கள் அகப்படுற நெரிசலில ஒரு பங்கு எங்கையும் போற நெரிசல் இல்லை, நிக்க இடம் தேடுற நெரிசல்.

அதைவிட எனக்குப் பிடிச்சது பசடீனாக் கதை. (இதைக் கட்டாயம் வாசியுங்கோ.) அதே கலிபோர்னியாவில பழைய பசடீனா எண்டு ஒரு கடைத்தெரு. ஒரு காலத்தில பாழடைஞ்சு போய்க் கிடந்தது. 1993இல மாநகரசபை மீட்டர் வைக்கப் போச்சு. கடைக்காரர் விடேல்லை, சனம் வராது எண்டு சண்டை. அப்ப ஒரு ஒப்பந்தம் வந்தது: மீட்டர் காசு பொதுக் கஜானாவுக்குப் போகாது, அதே தெருவுக்குத்தான் செலவழிப்பம். கடைக்காரர் உடன ஓம் எண்டிட்டினம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு டொலர், ஞாயிற்றுக்கிழமையிலயும். அந்த வருமானத்தை நம்பி 50 லட்சம் டொலர் கடனெடுத்து நடைபாதை, விளக்கு, மரம், வாங்கு, பின்சந்து எல்லாம் திருத்தினவை. அந்தத் தெரு எழும்பி வந்திட்டுது. மாலையில மீட்டர் பாக்கிறதும் கூட்டிறதும் கழுவுறதும் அதே காசில.

இப்ப எங்கட தெருவைப் பாருங்கோ. காலி வீதியிலயும் நாங்கள் பார்க்கிங் காசு கட்டுறம்தானே. கையில மெசினோட வாற தம்பி துண்டு கிழிச்சுத் தாறார், குடுக்கிறம். அந்தக் காசில எங்கட நடைபாதையில ஒரு கொங்கிரீட் பலகை மாறினதை ஆரும் கண்டியளோ? நான் காணேல்லை. காசு கட்டுறதில எனக்கு மனவருத்தமில்லை, இன்னும் கொஞ்சம் கூடக் கட்டவும் தயார். ஆனா வெள்ளவத்தையில எடுத்த காசு வெள்ளவத்தையில தெரியவேணும்.

ஆரிட்டக் கேக்கிறது எண்டதும் ஒரு சிக்கல். காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். பார்க்கிங் கட்டணம் கொழும்பு மாநகரசபை. கட்டட அனுமதி நகர அபிவிருத்தி அதிகார சபையின்ர விதி. பிழையா நிப்பாட்டினா தண்டம் எழுதிறது பொலிஸ். ஒருத்தரிட்டப் போனா மற்றவரைக் காட்டுவார். கடைக்காரர் ஒரு கடிதம் எழுதிறதெண்டா நாலு பிரதி எடுக்கவேணும்.

கட்டட விதி எண்டு சொன்னன்தானே, அதில ஒரு விசயம் கட்டாயம் கதைக்கவேணும். கட்டடத்தின்ர தளப்பரப்புக்கும் பாவனைக்கும் ஏத்தமாதிரி இத்தினை வாகனத்துக்கு இடம் விடவேணும் எண்டு விதி இருக்கு. 2021இல வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளிலயும் இருக்கு. பெரிய மோலுக்கு இது சரி. 15 அடி முகப்புள்ள ஒரு பழைய கடையை இடிச்சுக் கட்டுறவர் என்ன செய்வார்? கீழ்த்தளத்தைக் காருக்கு விட்டிட்டுக் கடையை மேல ஏத்துவார். றோட்டால போறவைக்குத் தெரியிறது இருட்டு வாசலும் இரும்புக் கேற்றும்தான். இப்பிடி நாலு கட்டடம் வரிசையா வந்தா அந்தத் துண்டில ஆரும் நடக்கமாட்டினம், நடுவில மாட்டின அஞ்சாவது கடையும் படுத்திடும். பார்க்கிங் குடுக்கப்போய்த் தெருவைக் கொண்டுபோட்டம்!

இடம் விட ஏலாட்டி அதுக்குப் பதிலாக் கட்டணம் கட்டுற ஏற்பாடும் இருக்கு. நல்ல ஏற்பாடு. அந்தக் காசெல்லாத்தையும் சேர்த்து, மரைன் டிரைவ் பக்கமா ஒரு பொதுத் தரிப்பிடம் கட்டினா எப்பிடி இருக்கும்? முதலாளிமாரும் வேலை செய்யிற பிள்ளையளும் மாதக் காசு கட்டிக் காலமை அங்க விட்டிட்டு, ஒழுங்கையால ஏறி வந்து கடை திறக்கலாம். வாசல் முழுக்க வாடிக்கையாளருக்கு. சென்னையில ரீ.நகரில இதைத்தான் செய்யப் பாத்தவை. 2019 நவம்பரில பாண்டி பஜாரில நடைபாதையை நல்லா அகலமாக்கித் திறந்தவை, வாகனத்துக்குப் பக்கத்தில தணிகாசலம் றோட்டில அடுக்குமாடித் தரிப்பிடம். சிக்கல் எல்லாம் தீர்ந்திட்டுது எண்டு சொல்லமாட்டன். ஆனா காரை ஒரு இடத்தில விட்டிட்டு நடந்து வாங்கிற பழக்கத்துக்கு ஒரு வழி திறந்திருக்கு.

அதே ரீ.நகரில ரங்கநாதன் தெருவை நினைச்சுப் பாருங்கோ. உங்களில அரைவாசிப்பேர் கலியாணச் சாமானுக்கு அங்க போய் வந்தவைதான். கடை வாசல்ல கார் விட முடிஞ்சுதோ? கார் உள்ளுக்கே போகாது! மாம்பலம் ஸ்டேசனில இறங்கிற சனம் நேரா அதுக்குள்ள கொட்டுப்படுது. 2023 மேயில ஸ்டேசனில இருந்து பஸ் நிலையம் வரைக்கும் 570 மீற்றருக்கு ஆகாய நடைபாதையும் போட்டவை. ஒரு கார் நிக்க இடமில்லாத தெருவில நடக்கிற யாவாரம் அது.

சென்னை வரைக்கும் போவான் ஏன், கொட்டாஞ்சேனைக்கு வாங்கோ. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடி. தமிழர், சிங்களவர், கத்தோலிக்கர், சைவக்காரர் எல்லாரும் வருவினம். பெரும்பாலும் பஸ்ஸில வந்து இறங்கி நடந்துதான். மெழுகுதிரி, பூ, படம், பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமான், போற வழியில ஒரு சாப்பாட்டுக் கடை. அந்த யாவாரத்தின்ர உயிர் நடக்கிற கால்தான். முந்தி ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டிக்கு வாற நாளில காலி வீதியோரம் நடந்த யாவாரத்தைப் பெரியாக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, முகம் மலர்ந்து சொல்லுவினம்.

கொட்டாஞ்சேனையின்ர வருத்தம் வேற மாதிரி. அங்க லொறி. ஜம்பட்டா வீதிப் பக்கம் காலமை 10, 11 மணிக்கு, சனம் வாற அதே நேரத்தில லொறி நிண்டு சாமான் இறக்குது. நாட்டாமிமார் மூட்டையோட ஓடுகினம், அவைக்கும் வழியில்லை, வாடிக்கையாளருக்கும் வழியில்லை. லொறியில்லாமக் கடையில்லை, அதால துரத்தவும் ஏலாது. விடியக் காலமை ஒரு நேரம், இரவு ஒரு நேரம் எண்டு ஒதுக்கி, ஒவ்வொரு தெருவிலயும் இறக்கிறதுக்கெண்டு ஒரு இடத்துக்குக் கோடு போட்டா பாதிப் பிரச்சினை குறையும். வெள்ளவத்தை மருந்தைக் கொட்டாஞ்சேனைக்குக் குடுக்கக்கூடாது.

ரெண்டு இடத்துக்கும் பொதுவான இன்னொரு விசயம்: 2025 பெப்ரவரியில இருந்து தனியார் வாகன இறக்குமதியும் திரும்பத் தொடங்கியாச்சு. 2020இல நிப்பாட்டினது. இனிக் கார் கூடும், றோட்டு அகலாது. இப்ப ஒழுங்கு செய்யாட்டி இன்னும் ரெண்டு வருசத்தில வாளிக்குப் பதிலா எல்லாரும் சங்கிலி போடுவினம்.

கடைக்கார அண்ணைமாருக்கு: உங்கட காரையும் உங்கட பொடியளின்ர மோட்டச் சைக்கிளையும் ஒரு மாதம் வாசல்ல இருந்து எடுத்துப் பாருங்கோ. பக்கத்து நாலு கடையையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கோ. வாறவையிட்ட எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டு ஒரு கொப்பியில குறிச்சு வையுங்கோ. அந்தக் கொப்பிதான் உங்களுக்கு மாநகரசபையில கதைக்கிறதுக்கு ஆதாரம்.

வாசிக்கிற உங்களுக்கு: 2023 மார்ச்சில இருந்து தெரிவு செய்யப்பட்ட மாநகரசபையே இல்லாமல் இருந்தம். 2025 மே 6ஆந் திகதி வாக்குப் போட்டாச்சு, வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கினம். அவையைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேளுங்கோ. எங்கட வட்டாரத்தில போன வருசம் பார்க்கிங்கால எவ்வளவு காசு வந்தது? அதில எவ்வளவு எங்கட நடைபாதைக்குத் திரும்பி வந்தது? எழுத்தில கேளுங்கோ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல இருந்தே எங்களிட்ட இருக்கு. பதில் வந்தா கீழ எழுதுங்கோ, எல்லாருமாச் சேர்ந்து அடுத்த கடிதத்தை எழுதுவம்.